கருகிய உடலில் எஞ்சும் பல்: அடையாளம் காண்பது எப்படி, எங்கே தடைபடுகிறது?

மணிமுத்தாறு

அனைவருக்கும் வணக்கம். 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் விமானம் விழுந்து எரிந்ததில் உயிரிழந்த 260 பேரில் 254 பேர் டி.என்.ஏ. சோதனையாலும், 6 பேர் மட்டும் முகத்தைக் கொண்டும் அடையாளம் காணப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. இரத்த மாதிரி கொடுத்துவிட்டு உறவினர்கள் நாள்கணக்கில் காத்திருந்த செய்திகளைப் படித்தபோது எனக்கு ஒரு சந்தேகம் எழுந்தது.

என் தாத்தாவுக்குக் காடாற்றிய அன்று, பால் தெளித்து எலும்பு பொறுக்கியபோது, சாம்பலுக்குள் இரண்டு கடவாய்ப் பற்கள் உருக்குலையாமல் கிடந்ததை நானே பார்த்தேன். விறகுச் சிதையின் தீயையே பல் தாங்குகிறது என்றால், விபத்தில் கருகியவரைப் பல்லை வைத்து அன்றைக்கே இன்னார் என்று சொல்லிவிட முடியாதா? பல்லுக்குள்ளும் டி.என்.ஏ. இருக்கிறது என்கிறார்களே, அப்படியானால் அஸ்திக் கலயத்தில் இருக்கும் பல்லிலிருந்தும் அதை எடுக்கலாமா? துறை சார்ந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

ஞானப்பல்

நான் பல் மருத்துவக் கல்லூரி ஒன்றில் வாய்நோய்க் குறியியல் கற்பிக்கிறேன். நம் நாட்டில் தடயவியல் பல் மருத்துவத்தின் சுமை பெரும்பாலும் இந்தத் துறையின் தோளில்தான் ஏற்றப்பட்டிருக்கிறது. மணிமுத்தாறு பார்த்த அந்த இரண்டு பற்களிலிருந்தே தொடங்குகிறேன்.

பல்லின் மேலுறையான எனாமலில் எடைக்கு ஏறத்தாழ 96 விழுக்காடு கனிமம். நம் உடலில் அதைவிடக் கடினமான திசு கிடையாது. அதற்குக் கீழே இருக்கும் டென்டீனில் கனிமம் சுமார் 70 விழுக்காடுதான். மீதி கொலாஜன் போன்ற கரிமப் பொருளும் நீரும். தீ படும்போது இந்த வேறுபாடே வினையாகிறது. நீரையும் கரிமத்தையும் இழந்து டென்டீன் சுருங்குகிறது. எனாமல் அந்த அளவுக்குச் சுருங்குவதில்லை. ஆகவே இரண்டும் சேரும் இடத்தில் பிளவு விழுந்து, தொப்பி கழல்வதைப் போல மேற்பகுதி தெறித்துவிடுகிறது. வேர் மட்டும் தாடைக் குழிக்குள் தங்கிவிடும். எரிந்த தாடையைப் பார்க்கிற புதிய மாணவர் பற்களே இல்லை என்று எழுதிவிடுவார். எக்ஸ்ரே எடுத்தால் வேர்கள் வரிசையாக நிற்பது தெரியும்.

எல்லாப் பற்களும் ஒரே மாதிரி எரிவதில்லை. உதடு சுருங்கியதும் முன்பற்கள் நேரே தீக்கு முகம் கொடுக்கின்றன. கடவாய்ப் பற்களுக்கோ வெளியே கன்னத் தசையும் கொழுப்பும், உள்ளே நாக்கும் காப்பாக நிற்கின்றன. குழந்தைகளின் தாடைக்குள் இன்னும் முளைக்காத நிலைப்பற்கள் எலும்புக்குள்ளேயே இருப்பதால் இன்னும் நன்றாகப் பிழைக்கும். அவற்றின் வளர்ச்சிப் படியைப் பார்த்து வயதைக் கணிக்கலாம்.

தீயின் கடுமையை நிறம் சொல்லும். முதலில் மஞ்சளும் பழுப்பும், பிறகு கரி படிந்த கறுப்பு, அதற்கும் மேலே சாம்பல் நீலம், கடைசியில் சுண்ணாம்பு வெள்ளை. வெள்ளைப் பல் பார்வைக்கு முழுமையாக இருக்கும். விரல் பட்டால் உதிர்ந்துவிடும். எனவே உடலை அசைப்பதற்கு முன்பே முகப்பகுதியைப் படம் எடுத்து, கெட்டிப்படுத்தும் பசையைத் தெளித்து, தலையைத் தனியே சுற்றிக் கட்ட வேண்டும். விபத்துக் களத்தில் மீட்புப் பணியாளர்கள் அவசரமாகத் தூக்கும்போது முதலில் பலியாவது இந்தச் சான்றுதான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

இனி, அன்றைக்கே சொல்ல முடியாதா என்ற கேள்வி. இறந்தவரின் பழைய எக்ஸ்ரே கையில் இருந்தால் ஒப்பிட அரை மணி நேரம்கூட ஆகாது. அது கையில் இருப்பதில்லை என்பதே சிக்கல்.

செம்பருத்தி

நான் ஒரு காணொளியில் பார்த்தேன்: பல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ. ஆயிரம் டிகிரி வெப்பத்தையும் தாங்குமாம். எனவே உடல் முழுதும் சாம்பலானாலும் ஒரு பல் போதும் என்றார்கள்.

சோதனைக்குழாய்

செம்பருத்தி அவர்களே, அந்தக் காணொளி இரண்டு வேறு செய்திகளைக் குழப்பியிருக்கிறது. ஆயிரம் டிகிரியைத் தாங்கக்கூடியது பல்லின் வடிவம், டி.என்.ஏ. அன்று. நான் மரபணு ஆய்வகம் ஒன்றில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எனாமலில் உயிரணுக்கள் கிடையாது. நமக்கு வேண்டியது மூன்று இடங்களில் இருக்கிறது. நடுவே உள்ள பற்கூழில் உயிரணுக்கள் மிகுதி. ஆனால் அது மென்மையானது, வெப்பத்தில் சீக்கிரம் வெந்து உலர்ந்துவிடும். வேரைப் போர்த்தியிருக்கும் சிமெண்டத்தில், குறிப்பாக வேர் நுனிப் பக்கம், உயிரணுக்கள் கனிமத்துக்குள் புதைந்து கிடக்கின்றன. டென்டீனின் நுண்குழல்களுக்குள் நீளும் உயிரணு இழைகளில், தனக்கென டி.என்.ஏ. கொண்ட மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புகள் இருக்கும். ஆகவே கருகிய உடலில் நாங்கள் முதலில் கேட்பது, சொத்தை இல்லாத, அடைப்பு இல்லாத, வேர் முழுமையாக உள்ள கடவாய்ப் பல்லைத்தான். மருத்துவர் சொன்ன அந்தக் கன்னக் காப்பு இங்கேயும் உதவுகிறது.

பல் வந்ததும் மேற்பரப்பை வெளுப்பான் கரைசலாலும் புற ஊதா ஒளியாலும் தூய்மைப்படுத்துவோம், தொட்டவர்களின் டி.என்.ஏ. ஒட்டியிருந்தால் முடிவு அவர்களையே காட்டும். பிறகு திரவ நைட்ரஜனில் உறையவைத்து மாவாக அரைப்போம். சாதாரணமாக அரைத்தால் அரைக்கும் சூடே எஞ்சியதைக் கெடுத்துவிடும். அந்த மாவிலிருந்து கால்சியத்தைக் கரைத்து நீக்கி, புரதத்தைச் செரிக்கும் நொதியைச் சேர்த்து, வெளிவரும் டி.என்.ஏ.வைச் சிலிக்காவில் பிடித்துக்கொள்வோம். கால்சியம் கரைவதற்கே ஓர் இரவு போய்விடும். காத்திருக்கும் உறவினர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

தீ டி.என்.ஏ.வை ஒரேயடியாக அழிப்பதற்கு முன் துண்டு துண்டாக நறுக்குகிறது. வழக்கமான அடையாளக் குறிகளில் சில 300, 400 எழுத்து (டி.என்.ஏ. சங்கிலியின் அலகு) நீளம் கொண்டவை. அவை முதலில் காணாமல் போகும். குட்டையானவை கடைசிவரை நிற்கும். ஆணா பெண்ணா என்பதைச் சொல்லும் அமெலோஜெனின் மரபணுவை எடுத்துக்கொள்ளுங்கள்: எக்ஸ் குரோமோசோமில் அதன் துண்டு 106 எழுத்து, ஒய் குரோமோசோமில் 112 எழுத்து. அவ்வளவு குட்டையாக இருப்பதால்தான் மற்றவை தோற்ற இடத்திலும் பாலினம் மட்டும் தெரிந்துவிடுகிறது. எனாமல் உருவாக உதவும் புரதத்தின் மரபணுவே அடையாளத்துக்கும் உதவுவது தற்செயல்தான். இருந்தாலும் எனக்கு இன்றும் அதில் ஒரு வியப்பு உண்டு.

உட்கரு டி.என்.ஏ. கைவிட்டால் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. இருக்கிறது. ஓர் உயிரணுவில் அதற்கு நூற்றுக்கணக்கில் படிகள் உள்ளன. ஆனால் அது தாய்வழியில் அப்படியே இறங்குவதால், அண்ணனையும் தம்பியையும் அது பிரித்துக் காட்டாது. 2007-இல் ரஷ்யாவின் எகாதரின்பர்க் அருகே கிடைத்த எரிந்த எலும்புத் துண்டுகள் 44. அவை 1918-இல் கொல்லப்பட்ட ஜார் குடும்பத்தின் காணாமற்போன இரு பிள்ளைகளுடையவை என்பதை 2009-இல் வெளிவந்த ஆய்வு, மைட்டோகாண்ட்ரியா, உட்கரு, ஒய் குரோமோசோம் என்று மூன்று வழியிலும் பொருத்திக் காட்டிய பிறகே சந்தேகம் அடங்கியது. அங்கே தீ அரைகுறையாக எரிந்திருந்தது என்பதும் ஒரு காரணம்.

மணிமுத்தாறு அவர்களின் அஸ்திக் கேள்விக்கு விடை இதிலேயே இருக்கிறது. முழுச் சிதையில் எரிந்து வெளுத்த பல்லில் கரிமம் எல்லாம் போய்விட்டிருக்கும். எழுத்து அழிந்த ஓலைச்சுவடியைப் போல வடிவம் மட்டும் மிஞ்சும். விறகுச் சிதையில் வெப்பம் சீராக இருக்காது என்பதால், ஓரத்தில் விழுந்து கறுப்போடு நின்றுவிட்ட வேர் ஒன்றில் ஏதேனும் எஞ்சியிருக்கலாம். எரிவாயு தகன மேடையில் அந்த வாய்ப்பும் இல்லை.

செம்பருத்தி

திருத்தியமைக்கு நன்றி. அந்தக் காணொளியை உறவினர் குழுவில் பகிர்ந்துவிட்டேன். இந்த விளக்கத்தையும் அங்கேயே போட்டுவிடுகிறேன்.

பழஞ்சுவடி

பல்லை வைத்து அடையாளம் காணும் முறைக்கு உலகம் கண்திறந்ததே ஒரு தீவிபத்தில்தான். 1897 மே 4 அன்று பாரிஸில், ழான் கூழான் தெருவில், செல்வச் சீமாட்டிகள் ஏழைகளுக்காக நடத்திய அறச்சந்தையில் மரத்தாலும் துணியாலும் கட்டிய கொட்டகை எரிந்தது. அப்போது புதுமையாக இருந்த சலனப்படக் கருவியின் ஈதர் விளக்கிலிருந்து பற்றிய தீ சில நிமிடங்களில் எல்லாவற்றையும் விழுங்கியது. 120-க்கும் மேற்பட்டோர் இறந்தனர், பெரும்பாலும் பெண்கள். நகையாலும் துணிக்கிழிசலாலும் பலர் அடையாளம் காணப்பட்ட பிறகும் சில உடல்கள் எஞ்சின. அவற்றுள் ஒன்று ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத்தின் தங்கையான அலான்சோன் கோமகளுடையது.

அப்போது பல் மருத்துவர்களைக் கூப்பிடுங்கள் என்று சொன்னவர் மருத்துவரும் அல்லர், காவலரும் அல்லர். பாரிஸில் இருந்த பராகுவே நாட்டுத் தூதரக அதிகாரி (கான்சல்) ஆல்பெர் ஹான்ஸ். கோமகளுக்குச் சிகிச்சை செய்த டேவன்போர்ட் என்ற பல் மருத்துவர் தம் குறிப்பேட்டோடு வந்து, தாம் செய்த வேலையைத் தாமே அடையாளம் கண்டார். பாரிஸில் பணியாற்றிய கியூபா நாட்டு பல் மருத்துவர் ஆஸ்கர் அமோயெடோ இந்த அனுபவங்களையெல்லாம் திரட்டி 1898-இல் நூலாக்கினார். இந்தத் துறையின் தந்தை என்று அவரைச் சொல்வது அதனால்தான். அந்த உடல்களை அவர் அடையாளம் காணவில்லை, கண்டவர்களிடம் கேட்டு எழுதினார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். பல கட்டுரைகளில் இது மாறிப்போயிருக்கிறது.

கோமகளுக்குக் குறிப்பேடு வைத்திருந்த மருத்துவர் இருந்தார். அதே தீயில் இறந்த பணிப்பெண்களுக்கு அப்படி ஒருவர் இருந்திருப்பாரா என்று எண்ணிப் பார்க்கிறேன்.

மணிமுத்தாறு

பழஞ்சுவடி ஐயா சொன்ன கடைசி வரியில்தான் நானும் நிற்கிறேன். நம் ஊரில் பல் வலித்தால் பிடுங்கிப் போடுவோம். ஒரு துண்டுச் சீட்டில் மாத்திரை பெயர் இருக்கும், அவ்வளவுதான். என் தந்தைக்கு முழு வாய் எக்ஸ்ரே எடுத்த சிகிச்சையகத்தில் போன ஆண்டு கேட்டபோது, கணினி மாற்றியதில் பழையவை போய்விட்டன என்று சொல்லிவிட்டார்கள். அப்படியிருக்க, நம்மவர்களுக்கு இந்தப் பல் ஒப்பீடு எந்த வகையில் பயன்படும்?

ஞானப்பல்

நியாயமான கேள்வி. ஆவணம் இல்லாத இடத்தில் நாங்கள் கேட்பது சிரித்த முகம் தெரியும் நிழற்படம். திருமணப் படம், கல்லூரிச் சுற்றுலாவில் எடுத்த தற்படம், எதுவானாலும் சரி. முன்பற்களில் இடைவெளி, ஒன்றன் மேல் ஒன்று ஏறிய கோரைப்பல், முனை உடைந்த வெட்டுப்பல், திரும்பி நிற்கும் பல் என்று ஏதாவது ஒன்று தெரிந்தால் பிடி கிடைக்கும். ஆனால் பாருங்கள், தீயில் முதலில் போவதும் அதே முன்பற்கள்தான். படத்தில் தெரிவது தீயில் இருக்காது. தீயில் தப்பும் கடவாய்ப்பல் படத்தில் தெரியாது.

செயற்கை வேலைப்பாடுகளைப் பற்றியும் சொல்கிறேன். பிளாஸ்டிக் பல்செட் தீயில் உருகி எரிந்துவிடும். வெள்ளி அடைப்பில் உள்ள பாதரசம் 357 டிகிரியில் கொதித்து ஆவியாவதால் அடைப்பு கொப்பளித்து உருமாறும். ஆனாலும் பல்லின் எந்தப் பக்கம் அது இருந்தது என்பது எக்ஸ்ரேயில் தெரியும். தங்கம் 1064 டிகிரியில்தான் உருகும். பீங்கான் கேப்புகள் பல நேரங்களில் முழுசாகவே கிடைக்கின்றன. எலும்பில் திருகிய டைட்டானியம் இம்பிளான்ட் 1668 டிகிரிவரை அசையாது. அதன் நிறுவனமும் அளவும் தெரிந்தால் தேடும் வட்டம் வெகுவாகச் சுருங்கும்.

ஒப்பீட்டுக்குக் கைரேகையைப் போல இத்தனை புள்ளிகள் பொருந்த வேண்டும் என்ற எண்ணிக்கை கிடையாது. விளக்க முடியாத முரண் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பதே அளவுகோல். பழைய குறிப்பில் இருக்கும் பல் உடலில் இல்லை என்றால், இடையில் பிடுங்கியிருக்கலாம். அது விளக்கக்கூடிய முரண். பிடுங்கியதாகக் குறிப்பில் இருக்கும் நிலைப்பல் உடலில் இருந்தால், ஒன்று அந்தக் குறிப்பு தவறு, அல்லது இவர் அவர் அல்லர். பிடுங்கிய நிலைப்பல் மறுபடி முளைக்காது.

குறிப்பு எழுதுவதிலேயே ஒரு பொறி உண்டு. நாம் பின்பற்றும் பன்னாட்டு இரட்டை எண் முறையில் 14 என்றால் மேல்தாடை வலப்பக்க முதல் முன்கடவாய்ப்பல். அமெரிக்க முறையில் 14 என்றால் மேல்தாடை இடப்பக்க முதல் கடவாய்ப்பல். வெளிநாட்டில் சிகிச்சை பெற்றவரின் ஆவணம் மின்னஞ்சலில் வரும்போது, எந்த முறை என்று கேட்காமல் ஒப்பிட்டால், சரியான ஆளையே இவர் இல்லை என்று தள்ளிவிட நேரும்.

கருப்பங்கி

நான் குற்றவியல் வழக்குரைஞன். அடையாளம் என்றால் இன்னார் என்று உறுதிசெய்வது மட்டும் அன்று. இன்னார் இல்லை என்று மறுப்பதும் அதன் பாதி. 1984 ஜனவரியில் கேரளத்து மாவேலிக்கரை அருகே காருக்குள் எரிந்து கிடந்த உடல், காரின் உரிமையாளரான சுகுமார குறுப்பு என்றே முதலில் நம்பப்பட்டது. காப்பீட்டுத் தொகைக்காகக் கொன்று எரிக்கப்பட்ட வேறொருவர் அவர் என்பது பிறகு வெளிப்பட்டது. குறுப்பு இன்றுவரை பிடிபடவில்லை. தீ வைப்பவரின் நோக்கமே சில நேரங்களில் பெயரை மாற்றுவதுதான் என்பதால், வண்டி எண்ணையும் கைக்கடிகாரத்தையும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது.

மனைவியைக் கொன்று உணவக அடுப்பில் எரித்த, 1995-இன் தில்லித் தந்தூர் கொலை வழக்கில், எரிந்த உடலின் டி.என்.ஏ.வைப் பெற்றோரின் இரத்தத்தோடு ஒப்பிட்ட ஹைதராபாத் ஆய்வு முடிவு நீதிமன்றத்தில் நின்றது. இப்போது நிபுணர் கருத்து பாரதிய சாட்சிய அதிநியமம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 39-ஆம் பிரிவில் வருகிறது. பழைய சட்டத்தில் 45. ஆனால் குறுக்கு விசாரணையில் நாங்கள் குறிவைப்பது அறிவியலை அன்று. பல்லை எடுத்தவர் யார், எந்த உறையில் வைத்தார், முத்திரை யாருடையது, எத்தனை நாள் யார் கையில் இருந்தது என்பதைத்தான். ஒப்பிட எடுத்த பல் முழுவதும் மாவாகிவிட்டது என்று ஆய்வகம் சொல்லும்போது, மறுசோதனைக்கு என்ன வைத்திருக்கிறீர்கள் என்று நான் கேட்பேன்.

ஞானப்பல்

இதைத்தான் நான் ஆண்டுக்கணக்காகச் சொல்லி வருகிறேன். பல்லை ஆய்வகத்துக்கு அனுப்புவதற்கு முன் எக்ஸ்ரே, எல்லாப் பக்கமும் படம், ஒரு வார்ப்பு எடுத்து வைக்க வேண்டும். பல வேளைகளில் பிணக்கூறாய்வு மேசையிலேயே கைக்கு வந்த பல்லைப் பிடுங்கிக் குப்பியில் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். கேப் போட்ட பல்லாக, வேர் சிகிச்சை செய்த பல்லாக, அதாவது அடையாளத்துக்கு மிகவும் பயன்படக்கூடிய பல்லாகவே அது இருந்துவிடுகிறது.

சோதனைக்குழாய்

மருத்துவரோடு முழுவதும் உடன்படுகிறேன். வேர் சிகிச்சை செய்த பல்லில் பற்கூழும் இருக்காது என்பதால் அது எங்களுக்கும் இரண்டாந்தரம்தான். ஆனால் பல் ஒப்பீடே முதலிடம், டி.என்.ஏ. பிறகு என்று உங்கள் துறையினர் சொல்லும்போது எனக்கு மறுப்பு உண்டு. இன்டர்போல் வழிகாட்டி கைரேகை, பல், டி.என்.ஏ. மூன்றையும் முதன்மை அடையாளங்களாக ஒரே வரிசையில்தான் வைத்திருக்கிறது. உடல் சிதறிய விபத்தில் தாடையே கிடைக்காத துண்டுகளையும் சேர்த்து ஒருவருக்கு உரியதாக்குவது டி.என்.ஏ.வால்தான் இயலும்.

ஞானப்பல்

அதை மறுக்கவில்லை. விரைவும் செலவும் கருதியே முதலிடம் என்கிறோம். ஒரு குடும்பமே ஒரே விமானத்தில் போய்விட்டால், ஒப்பிட இரத்தம் கொடுக்க யார் இருப்பார்கள் என்பதையும் நீங்கள் சொல்ல வேண்டும்.

சோதனைக்குழாய்

அது உண்மை. பெற்றோர் அல்லது பிள்ளைகள் இருந்தால் முடிவு உறுதியாக வரும். உடன்பிறந்தவர் ஒருவர் மட்டும் என்றால் வலு குறையும். அப்போது வீட்டிலிருக்கும் பல்துலக்கி, சவரக் கத்தி, எப்போதோ எடுத்த திசு மாதிரி என்று இறந்தவரின் சொந்த டி.என்.ஏ.வைத் தேட வேண்டிவரும். ஆக, உங்களுக்குப் பழைய எக்ஸ்ரே இல்லாவிட்டால் கை கட்டிப்போகிறது, எங்களுக்கு உறவினர் இல்லாவிட்டால்.

நீலமலை

நான் குன்னூர்க்காரன். 2021 டிசம்பர் 8 அன்று நஞ்சப்பசத்திரத்தில் முப்படைத் தலைமைத் தளபதி பயணம் செய்த ஹெலிகாப்டர் விழுந்து எரிந்தபோது, அன்று இறந்த 13 பேரில் தளபதி, அவருடைய துணைவியார், ஒரு பிரிகேடியர் ஆகிய மூவர் மட்டுமே முதலில் உறுதியாக அடையாளம் காணப்பட்டனர். மற்றவர்களின் உடல்கள் டி.என்.ஏ. முடிவு வரவர, அடுத்தடுத்த நாள்களில்தான் ஊர்களுக்குப் போயின. பயணம் செய்தவர்கள் 14 பேர் என்று பெயர்ப் பட்டியலே கையில் இருந்தும் அவ்வளவு காலம் எதற்கு என்று அப்போது எங்கள் ஊரில் பேசிக்கொண்டோம்.

சோதனைக்குழாய்

பட்டியல் கையில் இருப்பதுதான் ஆபத்து, நீலமலை. 12 பேரைச் சரியாகச் சொல்லிவிட்டால் மீதி ஒருவர் தானாகத் தெரிந்துவிடும் என்று தோன்றும். அந்தப் 12-இல் ஒன்று தவறினால் இரண்டு குடும்பங்கள் தவறான உடலை வாங்கிச் செல்லும். 2010 மே 22 அன்று மங்களூரு விபத்தில் இறந்த 158 பேரில் பெரும்பாலோரை உறவினர்கள் பார்வையாலும் உடைமைகளாலும் அடையாளம் காட்டிப் பெற்றுச் சென்றனர். 22 உடல்கள் மட்டும் டி.என்.ஏ. சோதனைக்கு வந்தன, அவற்றில் 12 உடல்கள் யாருடைய மாதிரியோடும் பொருந்தாமல், கடைசியில் அங்கேயே ஒன்றாகப் புதைக்கப்பட்டன. பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் குடும்பம் இருந்தது, ஆனால் மாதிரிகள் பொருந்தவில்லை என்றால், முன்பே ஒப்படைத்த உடல்களில் மாற்றம் நேர்ந்திருக்க வேண்டும் என்பதே இயல்பான விளக்கம். எரித்துவிட்ட உடலைத் திரும்பக் கேட்க முடியாது. கேட்டாலும் நான் மேலே சொன்ன வெள்ளைப் பல்தான் கிடைக்கும்.

அகமதாபாத்தில் பட்டியலும் முழுமையாக இல்லை. விமானம் மருத்துவக் கல்லூரி விடுதிக் கட்டடத்தின் மீது விழுந்ததால், தரையில் இறந்த 19 பேரும் அதே தீயில் இருந்தனர். எரிந்த தாடை ஒன்று பயணியுடையதா, சோறு உண்டுகொண்டிருந்த மாணவருடையதா என்ற கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டியிருந்திருக்கும்.

மணிமுத்தாறு

உங்கள் அனைவருக்கும் நன்றி. அன்றைக்கே சொல்லிவிட முடியாதா என்று தொடக்கத்தில் கேட்டது இப்போது எனக்கே உறுத்துகிறது. கடைசியாக ஒன்று: என் தந்தைக்கு வயது 71, மறுபடியும் ஓ.பி.ஜி., அதாவது முழு வாய் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதை வீட்டில் எப்படி வைத்துக்கொள்வது?

ஞானப்பல்

படச்சுருளாக வாங்காமல் கணினிக் கோப்பாகக் கேட்டு வாங்குங்கள். கோப்பின் பெயரில் ஆளின் பெயரும் எடுத்த தேதியும் இருக்கட்டும். வலம் இடம் என்ற குறி படத்தில் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். இடவலம் மாறிய படத்தோடு நான் ஒரு முழு நாள் போராடியிருக்கிறேன். கைப்பேசியில் மட்டும் வைக்காமல், வெளியூரில் இருக்கும் உறவினர் ஒருவருக்கும் ஒரு படி அனுப்பிவிடுங்கள்.

மணிமுத்தாறு

அப்படியே செய்கிறேன், டாக்டர். தங்கைக்கு அனுப்பிவிடுகிறேன், எதற்கென்று மட்டும் அப்பாவிடம் சொல்லப் போவதில்லை.